மிதித்தால் நிற்கிற சத்தம்

ஞாயிறு முழுக்க ஜீப்புக்கு அடியில் கிடந்தோம்
நானும் கொழுந்தன் சீவலமுத்துவும்.
கியர்பாக்ஸை இறக்கி வைக்க இரண்டு பழைய டயர்.
கிளட்ச் பிளேட்டை மையத்தில் நிறுத்தும் கம்பியைச்
செங்கோட்டையில் ஒருவரும் இரவல் தரவில்லை.
மண்வெட்டிக் காம்பைச் சீவி
வைத்துப் பார்த்து
மறுபடி சீவி
ராத்திரி ஒன்பதரைக்குப் பெட்டி உள்ளே போனது.
பட்டறைக் கூலி நாலாயிரம் மிச்சமென்று
புரோட்டாவுக்கு ஆள் அனுப்பினோம்.

செவ்வாய்க்கிழமை. இருபத்தாறு வாழை இலைக்கட்டு.
புளியரை தாண்டி
எஸ் வளைவில் இரண்டாவது போட்டதும்
காலுக்கடியில் யாரோ பேச ஆரம்பித்தார்கள்.

ஆரியங்காவு செக்போஸ்ட்டில் சீட்டு பார்த்தவன்
‘எந்தா சேச்சி, அரி பொடிக்குவாணோ?’ என்றான்.
சிரித்து வைத்தேன்.
வண்டியை அணைக்கவில்லை,
அணைத்தால் கிளம்புமோ கிளம்பாதோ.

வீடு வந்து சேரும்போது
ஷார்ஜாவில் கோமதிநாயகத்துக்குச் சாப்பாட்டு நேரம்.
தரைப்பலகையைக் கழற்றி
போனைக் கியர்பாக்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.
‘ஒண்ணும் கேக்கலியே.’
‘தெருவே எட்டிப் பாக்கு.’
‘உன் குரல் மட்டும் சுத்தமா வருது.
பக்கத்துலதான நிக்க?’

இரைச்சலை வடித்துவிட்டுப்
பேச்சை மட்டும் கடல் தாண்டி அனுப்புகிற போன்.
போன வருஷம் அவரே வாங்கி அனுப்பியது.

‘அப்பம் வாயால சொல்லு. கரகரன்னா?’
‘இல்ல.’
‘கொரகொர?’
‘இல்ல.’
‘நறநறன்னு, பல்லு கடிக்க மாதிரி?’
‘மிக்சியில பச்சரிசியைப் போட்டு
தண்ணி ஊத்தாம ஓடவிட்ட மாதிரி.’

அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது.

‘நியூட்ரல்ல வையி. கிளட்சை மிதி.’
மிதித்தேன். நின்றது.
‘விடு.’
அரிசி.
‘பைய விடு. எங்க தொடங்குதுன்னு பாரு.’
மிதி பாதி மேலே வந்ததும் தொடங்கியது.
சீவலமுத்து
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டான்.
பிடரியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது,
துடைக்கவில்லை.

‘ரிலீஸ் பேரிங் இல்ல.
அதுன்னா மிதிச்சாத்தான் கத்தும்.
நாலாவதுல எப்படி?’
‘நாலாவதுல அடங்குது.’
‘ம்.’
‘அந்த மண்வெட்டிக் காம்புதான்…’ என்று இழுத்தேன்.
‘காம்பை விடு.
ஆயில் எவ்வளவு ஊத்துனீங்க?’

நான் சீவலமுத்துவைப் பார்த்தேன்.
அவன் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தான்.

இறக்குமுன் வடித்த கறுப்பு எண்ணெய்
பெயிண்ட் டப்பாவில், இன்னும் அடிகுழாய் பக்கத்தில்.
தொண்ணூறாம் நம்பர் கேன்
மூடி திறக்காமல், அரிசி டிரம்முக்குப் பின்னால்.
மதினி ஊற்றியாச்சு என்று அவன்.
அவன் ஊற்றிவிட்டான் என்று நான்.
போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர்
பல்லும் பல்லும் வெறுமனே உரசி.

‘எவ்வளவு?’ என்றது போன்.
‘கொஞ்சம் கம்மியா.’
‘எவ்வளவு கம்மியா?’
சிக்னல் சரியில்லை என்றேன்.

டியூபைச் சொருகிப் புனலைப் பிடித்தோம்.
தேனை விடக் கெட்டி, நாற்றம் அழுகின முட்டை.
பக்கவாட்டுத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டேன்.
முதல் கணு நனைகிற வரை
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

கிளப்பினால்
அரிசி இல்லை.
சீவலமுத்து பானட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டுக்
கை கழுவப் போனான், சோப்புத் தூளோடு.

‘சரியாயிட்டா?’
‘ஆயிட்டு.’
‘என்ன குறைஞ்சிருந்துச்சு, உண்மையச் சொல்லு.’
‘சாப்பிட்டு முடிங்க மொதல்ல.’

இப்போதும் மூன்றாவதில்,
அதுவும் ஏற்றத்தில் மட்டும்,
சோடா பாட்டிலுக்குள் மாட்டிய ஈ போல
ஒரு முனகல் இருக்கிறது.
புனலூரில் பேரிங் விலை கேட்டு வைத்திருக்கிறேன்.
இந்தப் போனில் அது கேட்காது.